60 வினாடிப் பதிவும் பிடிஎஸ்டியும்: மின்னியாபோலிஸ் மூளைக் காந்தப் பதிவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவ மையத்தையும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, ‘ஜர்னல் ஆஃப் நியூரல் இன்ஜினியரிங்’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டது. நரம்பியல் ஆய்வாளர் அப்போஸ்டலோஸ் ஜார்ஜோபுலோஸ் தலைமையில் இயங்கிய அக்குழுவில், முன்னாள் படைவீரர்களிடையே நீண்டகாலம் பணியாற்றிய உளவியலாளர் பிரையன் எங்டாலும் இருந்தார். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் கோளாறு, சுருக்கமாகப் பிடிஎஸ்டி, உள்ள 74 பேரும் அக்கோளாறு இல்லாத 250 பேரும் ஆய்வில் பங்கேற்றனர். ஒவ்வொருவரும், மூளையில் எழும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் மூளைக் காந்தப் பதிவுக் கருவிக்குள் தலையை வைத்து, எதிரே தெரிந்த ஒரு சிறு புள்ளியைப் பார்த்தபடி 60 வினாடி அசையாமல் இருந்தனர். கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை. போர்க்களத்தை நினைவூட்டும் படமோ ஒலியோ காட்டப்படவில்லை. அந்த ஒரு நிமிடப் பதிவை மட்டும் வைத்து, யாருக்குப் பிடிஎஸ்டி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரித்தபோது 90 சதவீதத்துக்கும் மேலான துல்லியம் கிடைத்ததாகக் கட்டுரை அறிவித்தது. வியட்நாம் போரில் பணியாற்றியவர்களும், ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களிலிருந்து திரும்பியவர்களும் அந்த 74 பேரில் இருந்தனர்.

பிடிஎஸ்டியை மூளையில் நேரடியாகக் காட்ட முடியுமா என்ற கேள்விக்கு, அதுவரை வந்த ஆய்வுகளைவிடத் தெளிவாக ‘முடியும்’ என்று பதில் சொன்ன ஆய்வு இது என்பதால்தான் இதை நிகழ்வாக எடுத்துக்கொண்டேன். அதன் முடிவு பொய்யானது என்று நான் கருதவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் விடை கண்ட கேள்வி ஒன்று. மருத்துவர்களும் படைவீரர்களும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறொன்று. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 90 சதவீதம் என்ற எண்ணை மட்டும் தூக்கிப் பேசுவது, யாருக்காக இந்த ஆய்வு நடந்ததோ அவர்களுக்கே கேடாக முடியலாம்.

ஏன் இப்படியொரு சோதனை தேவைப்பட்டது

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பிடிஎஸ்டி முதன்முறையாக அதிகாரபூர்வமான நோயாக இடம்பெற்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, நான்கு தொகுதிகளாக 20 அறிகுறிகளைத் தருகிறது. வேண்டாமலே வந்து மோதும் நினைவுகளும் கொடுங்கனவுகளும் ஒரு தொகுதி. நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல் இன்னொன்று. எண்ணத்திலும் மனநிலையிலும் நேரும் இருண்ட மாற்றங்கள் மூன்றாவது. எப்போதும் விழிப்பாகவும் எளிதில் திடுக்கிடும்படியாகவும் உடல் முறுக்கேறிக் கிடப்பது நான்காவது. ஒவ்வொரு தொகுதியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். இதைக் கண்டறிய மிகவும் நம்பப்படும் கருவி, பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் நேரில் அமர்ந்து 30 வினாக்களைக் கொண்டு நடத்தும் ‘கேப்ஸ்-5’ என்னும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல். விரைவான முதற்கட்டச் சோதனைக்கு, படைவீரர் தாமே நிரப்பும் 20 வினாக்கள் கொண்ட ‘பிசிஎல்-5’ என்னும் படிவம் உள்ளது. 80க்கு 31 முதல் 33 வரை மதிப்பெண் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று கொள்கிறார்கள்.

இரண்டுமே பாதிக்கப்பட்டவரின் சொல்லை நம்பி நிற்பவை. அதில் இழிவு எதுவும் இல்லை. வலியைக்கூட மருத்துவம் இன்றுவரை நோயாளியின் வாய்ச்சொல்லாகத்தான் அளக்கிறது. ஆனால் படைவீரர்கள் விஷயத்தில் அந்தச் சொல்லின் மேல் இரண்டு பக்கமிருந்தும் பாரம் ஏறுகிறது. 2004இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் சார்ல்ஸ் ஹோக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஈராக், ஆப்கானிஸ்தான் பணிக்குப் பிறகு மனநலச் சிக்கலுக்கான அறிகுறிகள் உள்ளதாகத் தெரியவந்தவர்களில் 23 முதல் 40 சதவீதத்தினரே மனநல உதவியை நாடியிருந்தனர். கோழை என்று தோழர்கள் நினைப்பார்கள், மேலதிகாரி வேறு மாதிரி நடத்துவார் என்ற அச்சமே பெரும் தடையாக இருந்தது. மறுபக்கம், பணியிலிருந்து விலகியவர் இழப்பீடு கோரும்போது, அவர் மிகைப்படுத்துகிறாரோ என்ற ஐயத்தோடுதான் பல நேரங்களில் விசாரிக்கப்படுகிறார். ஒளிப்பவரிடம் படிவம் குறைத்துக் காட்டுகிறது. உண்மையைச் சொல்பவரை அதே படிவத்தால் காப்பாற்ற முடிவதில்லை.

எண்ணிக்கையே எவ்வளவு சர்ச்சைக்குள்ளானது என்பதற்கு வியட்நாம் படைவீரர்கள் பற்றிய தேசிய ஆய்வு சான்று. 1980களின் பிற்பகுதியில் அந்த ஆய்வு, ஆண் படைவீரர்களில் 30.9 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் எப்போதாவது பிடிஎஸ்டி இருந்ததாகவும், 15.2 சதவீதத்தினருக்கு ஆய்வு நடந்த காலத்திலும் இருந்ததாகவும் மதிப்பிட்டது. 2006இல் புரூஸ் டோரன்வெண்ட் குழுவினர் அதே தரவை எடுத்து, படைத்துறை ஆவணங்களோடு ஒப்பிட்டும், அன்றாட வாழ்வுக்கு ஏற்பட்ட பாதிப்பைக் கடுமையாகக் கணக்கிட்டும் பார்த்தபோது, அந்த எண்கள் முறையே 18.7 ஆகவும் 9.1 ஆகவும் இறங்கின. மனிதர்கள் மாறவில்லை, அவர்கள் சொன்னதும் மாறவில்லை. வரையறைக் கோடு மட்டும் நகர்ந்தது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தன் துன்பத்துக்குப் பெயர் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்த ஒருவர், ‘என் மூளையைப் படமெடுத்துப் பாருங்கள்’ என்று கேட்டால் அதை நியாயமான கோரிக்கையாகவே நான் பார்க்கிறேன்.

உடலளவைகளைக் கொண்டு இதைச் சாதிக்க முன்பும் முயன்றார்கள். 1998இல் டெரன்ஸ் கீன் குழுவினர், அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் பல மருத்துவ மையங்களில் 1,300க்கும் மேற்பட்ட வியட்நாம் படைவீரர்களுக்குப் போர்க்களக் காட்சிகளை நினைவூட்டி, இதயத்துடிப்பு, தோலின் மின்கடத்தல், முகத்தசை அசைவு போன்றவற்றை அளந்தனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைத்தான் சரியாக வகைப்படுத்த முடிந்தது. அத்தனை பெரிய, கவனமாக நடத்தப்பட்ட ஆய்வில் அத்தனை மிதமான முடிவு வந்த பிறகு, 12 ஆண்டு கழித்து வந்த 90 சதவீதம் ஏன் அவ்வளவு கவனத்தை ஈர்த்தது என்பது விளங்கும்.

பதிவும் கணக்கும்

மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் பாயும்போது, எந்த மின்னோட்டத்தையும் போல அதைச் சுற்றியும் காந்தப்புலம் உருவாகிறது. ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே திசையில் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் அது மண்டைக்கு வெளியே எட்டும். எட்டும்போதும் பூமியின் காந்தப்புலத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு, சில வேளை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவே இருக்கும். 1968இல் டேவிட் கோஹன் இதைச் செப்புச் சுருளைக் கொண்டு முதன்முதலாகப் பதிவு செய்தார். 1972இல், மீக்கடத்திகளால் ஆன ‘ஸ்குவிட்’ என்னும் மிகநுண் உணரியைப் பயன்படுத்திப் பதிவைத் தெளிவாக்கினார். அந்த உணரிகள் வேலை செய்ய, திரவ ஹீலியத்தில் மூழ்கி ஏறத்தாழ கழித்தல் 269 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். வெளிக் காந்தப்புலம் நுழையாதபடி கருவியைத் தடித்த உலோகக் கவசம் பூண்ட அறைக்குள் வைக்கிறார்கள்.

எஃப்எம்ஆர்ஐ என்னும் செயல்நிலைக் காந்த அதிர்வுப் படம், மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே கூடும் இரத்த ஓட்டத்தைக் காட்டுகிறது. அது சில வினாடி தாமதித்தே தெரியும். மின்னலைப் பதிவான இஇஜி வேகமானது, மலிவானது. ஆனால் மண்டையோட்டைக் கடக்கும்போது மின்புலம் கலங்கிப் பரவிவிடுகிறது. காந்தப்புலத்தை மண்டையோடு அவ்வளவாகக் குலைப்பதில்லை. எனவே, எங்கே என்பதிலும் எப்போது என்பதிலும் ஓரளவு நம்பிக்கையோடு பேச இடம் தருவது காந்தப் பதிவுதான்.

மின்னியாபோலிஸ் குழு பயன்படுத்திய கருவியில் தலையைச் சுற்றி 248 உணரிகள் இருந்தன. ஒவ்வோர் உணரியும் வினாடிக்கு ஆயிரத்துக்கும் சற்று அதிகமான அளவீடுகளைத் தந்தது. ஒரே உணரியில் முந்தைய கணம் அடுத்த கணத்தின் மேல் செலுத்தும் தாக்கத்தை முதலில் கணிதமுறையில் நீக்கினார்கள். அதை நீக்காவிட்டால், தொடர்பே இல்லாத இரண்டு அலைகள்கூடத் தொடர்புடையவைபோலத் தோன்றும். பிறகு ஒவ்வோர் உணரி இணையையும் எடுத்து, மற்ற 246 உணரிகளின் தாக்கத்தையும் விலக்கிய பின் அவ்விரண்டும் ஒரே கணத்தில் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கணக்கிட்டார்கள். 248 உணரிகளிலிருந்து 30,628 இணைகள் கிடைக்கும். இவற்றை ‘ஒத்தியங்கும் நரம்பு ஊடாட்டங்கள்’ என்று அவர்கள் அழைத்தனர். மூளையின் எந்தப் பகுதி கூடுதலாக இயங்குகிறது என்று கேட்காமல், எந்தப் பகுதி எதனோடு எப்படிப் பேசிக்கொள்கிறது என்று கேட்டதே இந்த முறையின் புதுமை. 2007இல் இதே குழு இதே முறையை அல்சைமர், ஸ்கிசோஃப்ரினியா, மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், நாட்பட்ட மதுப்பழக்கம் முதலியன உள்ளவர்களிடம் முயன்று, நோய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடிகிறது என்று காட்டியிருந்தது.

கிடைத்த முடிவு

2010ஆம் ஆண்டிலேயே வந்த இரண்டாவது கட்டுரை, முதலாவதைவிட மருத்துவப் பொருள் மிக்கது என்பது என் கருத்து. இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மூளை முழுவதும் சிதறிக் கிடக்கவில்லை. வலப்பக்கப் பொட்டுப் பகுதிக்குள் இருக்கும் டெம்போரல் மடலும், அதற்குப் பின்னும் மேலும் உள்ள பகுதிகளும் மூளையின் பிற இடங்களோடு தொடர்புகொள்ளும் விதத்தில்தான் அது குவிந்திருந்தது. அந்தக் கட்டுரை பிடிஎஸ்டியிலிருந்து தேறிய ஒரு சிறு குழுவினரையும் பார்த்தது. அவர்களிடமும் அதே வலப்பக்க வடிவம் காணப்பட்டது, ஆனால் மங்கலாக. நோய் தணிந்த பிறகும் சுவடு முற்றிலும் மறையவில்லை என்றும், தணிவுக்கேற்ப அது குறைகிறது என்றும் இதைப் படிக்கலாம்.

வலது டெம்போரல் மடல் என்றதும் நரம்பியல் வரலாறு அறிந்தவருக்கு வைல்டர் பென்ஃபீல்ட் நினைவுக்கு வருவார். மாண்ட்ரியலில் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, விழித்திருந்த அவர்களின் மூளைப் பரப்பை அவர் மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினார். டெம்போரல் மடலைத் தொட்டபோது, அவர்களில் சிறு பகுதியினர் பழைய நிகழ்ச்சி ஒன்றை அங்கேயே, அப்போதே மீண்டும் வாழ்வதுபோல உணர்ந்தனர். இது வலப்பக்கத்தில் மிகுதியாக நேர்ந்தது. நினைத்துப் பார்ப்பதற்கும் மீண்டும் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் பிடிஎஸ்டி உள்ளவரிடம் பேசிப் பார்த்தவர் அறிவார். வலப்பக்க வலையமைப்பு ஒன்று தன்னிச்சையாக அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதுதான் மீள்வாழ்தலுக்கு அடிப்படை என்று மின்னியாபோலிஸ் குழு கருதியது. இது நிறுவப்பட்ட உண்மை அன்று, ஒரு கருதுகோள். ஆயினும் அறிகுறியையும் இடத்தையும் இணைக்கும் கருதுகோள் என்பதால் மதிப்புடையது.

யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்

இந்த நிகழ்வின் நடுமுடிச்சு இங்கேதான் இருக்கிறது. 74 பேர், 250 பேர் என்ற எண்ணிக்கையையே முதலில் கவனிக்க வேண்டும். மொத்தம் 324 பேரில் 250 பேர் நலமானவர்கள். எந்தக் கருவியும் இல்லாமல் எல்லோரையும் ‘நலம்’ என்று சொல்லிவிட்டாலே 77 சதவீதம் சரியாகிவிடும். ஆகவே ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை 50 சதவீதத்தோடு ஒப்பிட்டு வியக்கக் கூடாது. நோயுள்ளவரை எத்தனை முறை சரியாகக் கண்டது, நோயற்றவரை எத்தனை முறை சரியாக விட்டது என்று தனித்தனியே கேட்க வேண்டும். 30,628 இணைகளிலிருந்து 324 பேரைப் பிரிக்கும் கூட்டங்களைத் தேடும்போது, தற்செயலாகவே நன்றாகப் பிரிக்கும் சில கூட்டங்கள் அகப்படும் என்பதும் புள்ளியியல் அறிந்தவருக்குத் தெரியும். அந்த அபாயத்தை ஆய்வாளர்களும் உணர்ந்தே, தரவைத் திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்துச் சோதித்தனர். ஆனால் ஒரே கருவியில், ஒரே குழுவின் கையில் நடக்கும் மறுசோதனை, வேறோர் ஊரில் வேறொரு கருவியில் வேறு கைகள் செய்யும் சோதனைக்கு ஈடாகாது.

அதைவிட ஆழமான கேள்வி, நலமான குழு எது என்பது. போருக்குப் போய்ப் பிடிஎஸ்டியோடு வந்தவரைப் போரைக் காணாத ஒருவரோடு ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாட்டில் நோயின் பங்கு எவ்வளவு, போரின் பங்கு எவ்வளவு? உறக்கம் கெட்ட ஆண்டுகளின் பங்கு எவ்வளவு? இதற்கு இன்னும் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு, நினைவுக்கு இன்றியமையாத மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதைக் கண்டவர்கள், அதிர்ச்சிதான் அதைச் சுருக்கிவிட்டது என்று நம்பியிருந்தனர். 2002இல் மார்க் கில்பர்ட்சன், ரோஜர் பிட்மன் முதலானோர், வியட்நாமுக்குச் சென்ற ஒருவரும் செல்லாத ஒருவருமாக அமைந்த ஒருகரு இரட்டையரை ஆராய்ந்தனர். கடுமையான பிடிஎஸ்டி உள்ள படைவீரரின் ஹிப்போகாம்பஸ் மட்டுமன்றி, போர்க்களத்தையே காணாத அவரது இரட்டைச் சகோதரரின் ஹிப்போகாம்பஸும் சிறிதாக இருந்தது. நாம் காயம் என்று எண்ணியது, காயப்படுவதற்கு முன்பே இருந்த உடலமைப்பாகவும் இருக்கலாம் என்று அது காட்டியது. மூளைப் பதிவு எதையும் ‘போரின் தடயம்’ என்று அழைக்கும் முன் இந்த இரட்டையர்களை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

மின்னியாபோலிஸ் குழு இந்தக் குறையை உணராமல் இல்லை என்பதை அவர்களின் அடுத்த கட்ட வேலை காட்டுகிறது. 2013இல் லிசா ஜேம்ஸ் முதன்மை ஆசிரியராக ‘ஜாமா சைக்கியாட்ரி’யில் வந்த ஆய்வில், பிடிஎஸ்டி உள்ள படைவீரர்களை, அதிர்ச்சிகளைக் கண்டும் பிடிஎஸ்டிக்கு ஆளாகாத படைவீரர்களோடு ஒப்பிட்டனர். கண்ட அதிர்ச்சிகளின் அளவு கூடக் கூட, நோய்க்கு ஆளாகாதவர்களின் மூளையில் ஒத்தியங்கும் ஊடாட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன; அதாவது, ஒன்றோடொன்று பின்னிய இணைப்புகள் தளர்ந்து, மூளை தன்னைத் தகவமைத்துக்கொண்டது. பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் அந்தத் தளர்வு நிகழவில்லை. தாக்குதல் இருவருக்கும் ஒன்றே. பிறகு விடுபட முடிந்ததா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. 2010ஆம் ஆண்டின் 90 சதவீதத்தைவிட இந்தக் கண்டுபிடிப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனெனில் இது சரியான ஆளைச் சரியான ஆளோடு ஒப்பிட்டுக் கிடைத்தது. கனடாவின் டொராண்டோவில் பெஞ்சமின் டங்க்லி குழுவினர் 2014இல் வெளியிட்ட காந்தப் பதிவு ஆய்வும் பிடிஎஸ்டி உள்ள படைவீரர்களை, அது இல்லாத படைவீரர்களோடுதான் ஒப்பிட்டது. உயர் அதிர்வெண் அலைகளில் மிகை இணைப்பு இருந்ததையும், இடது ஹிப்போகாம்பஸின் இணைப்பு அறிகுறிகளின் கடுமையோடு சேர்ந்து போனதையும் அது கண்டது. ஒரு குழு வலப்பக்கத்தைக் காட்டுகிறது, இன்னொன்று இடப்பக்கத்தை. முறைகள் வேறு என்பதால் இவை ஒன்றையொன்று மறுப்பவை என்று சொல்லிவிட முடியாது; ஆனால் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு ஒற்றை அடையாளம் இன்னும் கைக்கு வரவில்லை என்பது தெளிவு.

இனி, மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒருவருக்கு இந்த எண் என்ன பொருள் தரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நோயுள்ளவரிலும் நோயற்றவரிலும் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை, பணியிலிருந்து திரும்பிய 1,000 பேருக்கு நடத்துவதாகவும் அவர்களில் 100 பேருக்குப் பிடிஎஸ்டி இருப்பதாகவும் கொள்வோம். அந்த 100 பேரில் 90 பேரைச் சோதனை கண்டுபிடிக்கும். மீதமுள்ள 900 பேரில் 90 பேரையும் நோயாளி என்று சொல்லிவிடும். ‘நோய் உண்டு’ என்று முடிவு வந்த 180 பேரில் சரிபாதி நோயற்றவர்கள். அதோடு, நோயுள்ள 10 பேர் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்ற தாளோடு வீடு திரும்புவார்கள். எனக்கு அந்த 10 பேரைப் பற்றித்தான் அச்சம் அதிகம். தன் வாய்ச்சொல் நம்பப்படவில்லை என்பது ஒரு வேதனை. தன் மூளையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது என்று கேட்பது அதனினும் கொடிது.

பதிவைக் கலங்கச் செய்பவை

ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பங்கேற்பாளர் வேறு. மருத்துவமனைக்கு வரும் படைவீரர் வேறு. உடலில் குண்டுச் சிதறல் தங்கியிருப்பவர்கள் படைவீரர்களில் குறைவல்லர். காந்தத் தன்மையுள்ள ஒரு சிறு துணுக்கு, மூச்சு விடும்போது மார்போடு சேர்ந்து அசைந்தாலே போதும், மூளையின் சமிக்ஞையைவிடப் பன்மடங்கு பெரிய அலையைப் பதிவில் எழுப்பிவிடும். எஃப்எம்ஆர்ஐ என்றால் அதே துணுக்கு ஆபத்தாகவும் முடியலாம் என்பதால் அவர்கள் படமெடுக்கவே அனுமதிக்கப்படாமல் போகலாம். போரில் மிக மோசமாகக் காயப்பட்டவர்களே இந்த அளவீட்டிலிருந்து முதலில் விலக்கப்படுகிறார்கள் என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

வெடிப்பதிர்வால் ஏற்படும் லேசான மூளைக் காயம் அடுத்த சிக்கல். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுகளுக்கு அருகில் இருந்தவர்களில் பலருக்குப் பிடிஎஸ்டியும் மூளைக் காயமும் சேர்ந்தே இருக்கின்றன. உறக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல், தலைவலி என்று இரண்டின் அறிகுறிகளும் ஒன்றோடொன்று கலந்தவை. மூளையின் தொடர்பு வழிகளையும் இரண்டுமே மாற்றக் கூடியவை. மருத்துவருக்கு உண்மையில் தேவைப்படுவது நலமானவரிடமிருந்து நோயாளியைப் பிரிக்கும் கருவியன்று. எதிரே அமர்ந்திருப்பவர் நலமாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். இது பிடிஎஸ்டியா, மனச்சோர்வா, மூளைக் காயமா, மதுவா, இவற்றில் எவை எவை சேர்ந்திருக்கின்றன என்பதே அவர் கேள்வி. அதற்கு விடை காண, இந்த ஒவ்வொரு நிலையும் தனித்தும் சேர்ந்தும் உள்ளவர்களைப் பதிவு செய்த ஆய்வு வேண்டும்.

உட்கொள்ளும் மருந்துகளும் கணக்கில் சேர வேண்டும். பிடிஎஸ்டிக்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்துள்ள செர்ட்ராலினும் பராக்ஸெட்டினும் மூளையின் வேதிச் சமநிலையை மாற்றுபவை. காதிரைச்சலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்கப் படைவீரர்களின் இழப்பீட்டுப் பட்டியலில் மிகப் பரவலான குறைபாடுகளில் ஒன்று அது. கேட்டலுக்கான புறணியோ டெம்போரல் மடலில்தான் இருக்கிறது. டெம்போரல் மடலில் வேறுபாட்டைக் கண்ட ஒவ்வோர் ஆய்வும், இரு குழுக்களின் செவிநிலையையும் சமப்படுத்திப் பார்த்ததா என்று நான் முதலில் தேடுவேன்.

அந்த 60 வினாடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஓய்வு நிலை’ என்று அதை ஆய்வு மொழியில் அழைக்கிறார்கள். சன்னல் இல்லாத, தடித்த கதவு மூடிய கவச அறை, அசையக் கூடாது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவும் கூடாது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாத ஒருவருக்கு அது ஓய்வாக இருக்குமா? அந்த அறைக்குள் அவர் மூளை காட்டும் வேறுபாடு, எப்போதும் அவரோடு இருக்கும் நிலையா, அல்லது அந்த அறைக்கு அவர் காட்டிய எதிர்வினையா என்பதைப் பதிவு தானே சொல்லாது. ஒரே நபரை வெவ்வேறு நாட்களில், அறை பழகிய பிறகும் பதிவு செய்தால் மட்டுமே அதைப் பிரித்தறிய முடியும்.

ஒரே பெயருக்குள் பல நிலைகள்

நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி 20 அறிகுறிகளை எத்தனை விதமாகச் சேர்த்தால் பிடிஎஸ்டி என்ற பெயர் பொருந்தும் என்று 2013இல் ஐசக் கலட்சர்-லெவியும் ரிச்சர்ட் பிரையண்டும் கணக்கிட்டனர். விடை 6,36,120. கொடுங்கனவில் அலறி எழுபவரும், எதையும் உணராமல் மரத்துப்போய்க் குடும்பத்தின் நடுவே அந்நியராக அமர்ந்திருப்பவரும் ஒரே பெயரின் கீழ் வருகிறார்கள். 2010இல் ரூத் லேனியஸ் குழுவினர் இவர்களின் மூளை இயக்கம் எதிரெதிர்த் திசையில் செல்லக் கூடும் என்று எடுத்துக்காட்டினர்: முதல் வகையினரிடம் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதிகள் தளர்ந்து, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி ஓங்குகிறது, உணர்விலிருந்து விலகி மரத்துப்போகும் ‘விலகல்’ வகையினரிடம் கட்டுப்பாடு மிகுந்து உணர்ச்சி அமுக்கப்படுகிறது. 2013இன் கையேடு விலகல் வகையைத் தனித் துணைவகையாக ஏற்றுக்கொண்டது. இருவரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால், ஒருவரின் ஏற்றம் மற்றவரின் இறக்கத்தை அழித்துவிடும்.

எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது

2019இல் அமித் எட்கின் உள்ளிட்டோர் வெளியிட்ட எஃப்எம்ஆர்ஐ ஆய்வு, கேள்வியையே மாற்றிக் கேட்டது. யாருக்கு நோய் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, நோயுள்ளவர்களில் யாருக்கு எந்தச் சிகிச்சை பலன் தராது என்று அவர்கள் பார்த்தனர். கவனத்துக்குரிய வலையமைப்பு ஒன்றின் இணைப்பு பலவீனமாகவும் சொல்நினைவு குறைந்தும் இருந்த ஒரு பிரிவினர், அச்சமூட்டும் நினைவை நேருக்கு நேர் எதிர்கொள்ள வைக்கும் உளச்சிகிச்சையால் போதிய பலன் பெறவில்லை. அந்தச் சிகிச்சை எளிதானதன்று. வாரந்தோறும் அதே நினைவுக்குள் திரும்பிச் செல்ல வேண்டும்; பாதியில் விடுபவர்கள் பலர். தனக்குப் பொருந்தாத சிகிச்சையில் மாதக்கணக்கில் துன்புற்று, இறுதியில் ‘நான்தான் தேறத் தகுதியற்றவன்’ என்று முடிவுகட்டுவதிலிருந்து ஒருவரை மூளைப் பதிவு காக்குமானால், அதைவிடச் சிறந்த பயன் அதற்கு இல்லை.

இழப்பீட்டுக் கோரிக்கையில் அதைச் சான்றாக வைப்பதை நான் ஏற்க மாட்டேன். 2010 ஜூலையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை தன் விதியைத் தளர்த்தியது: எதிரித் தாக்குதல் பற்றிய அச்சம் பணிச் சூழலுக்குப் பொருந்துவதாகவும், துறை சார்ந்த மனநல மருத்துவரோ உளவியலாளரோ அதை உறுதிப்படுத்துவதாகவும் இருந்தால், குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு ஆவணச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை என்றது. மின்னியாபோலிஸ் கட்டுரை வந்த அதே ஆண்டு அது. ஆவணச் சுமையை அப்படி இறக்கிய இடத்தில் மூளைப் பதிவு என்ற புதிய சுமையை ஏற்றினால், அந்த 1,000 பேர் கணக்கில் வந்த 10 பேர்தான் முதலில் நசுங்குவார்கள். குழுச் சராசரியில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு தனிமனிதரில் தெரிவதில்லை என்பதற்கு ஹிப்போகாம்பஸே போதுமான பாடம்: 2018இல் பல நாடுகளிலிருந்து 1,868 பேரின் தரவைத் திரட்டிய ஆய்வு, பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு அது சிறிதாக இருப்பதை உறுதி செய்தது, ஆனால் அந்த வேறுபாடு மிகச் சிறியது, இரு குழுக்களும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தே இருந்தன.

நோயறிதலுக்கு நேர்காணல் இருக்கட்டும். காந்தப் பதிவு வர வேண்டிய இடம், நேர்காணல் முடிந்து சிகிச்சை தொடங்கும் இடம். தேறியவர்களிடம் வலப்பக்க வடிவம் மங்கியிருந்தது என்ற 2010ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டுரையின் செய்தி, வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டுக் கிடைத்தது. ஒரே படைவீரரைச் சிகிச்சைக்கு முன்னும், 12 அமர்வுகள் கொண்ட அறிவுசார் சிகிச்சையின் நடுவிலும், முடிவிலும், ஆறு மாதம் கழித்தும் பதிவு செய்து, அவரை அவரோடே ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது மங்குகிறதா, அல்லது தேறியவர்களுக்குத் தொடக்கத்திலேயே மங்கலாக இருந்ததா என்பது தெரியும். அப்படி ஒப்பிடும்போது காதிரைச்சல், பழைய காயம், இரட்டையர் ஆய்வு காட்டிய பிறவி அமைப்பு ஆகிய எல்லாம் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கும். திரவ ஹீலியம் தேவைப்படாத, தொப்பிபோலத் தலையில் அணியக் கூடிய, தலையை ஓரளவு அசைக்க இடம் தரும் காந்தப் பதிவுக் கருவியை 2018இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு செயல்படுத்திக் காட்டியது. கவச அறை அதற்கும் வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் ஒரு படைவீரர் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொள்ளலாம்.